துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

டொரான்டோ
6-11-1977, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

அகிலாண்டேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. இந்தத் தடவை முதல் பாதியை எழுத முடியவில்லை. நீங்களும் அண்ணியும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டாம். ஏரோகிராமில் இடம் போதாது என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கவரில் வைத்திருக்கிறேன். கவரைப் பார்த்தபோதே விஷயம் பெரிது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை மேல் போலீஸ் கேஸ் போட்டிருக்கிறார்கள். பதற வேண்டாம், வீட்டில்தான் இருக்கிறார். பிடித்துக்கொண்டு போன அன்று சாயங்காலமே கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் பதினாலாம் தேதி கோர்ட்டுக்குப் போக வேண்டும். கைத்துப்பாக்கியைப் பர்மிட்டில் இல்லாத இடத்தில் வெளியே எடுத்தார் என்பது குற்றம்.

துப்பாக்கி எப்படி வந்தது என்று அண்ணி கேட்பார், அதனால் சொல்கிறேன். காலேஜில் என்.சி.சி.யில் சுட்டுப் பரிசு வாங்கியவர் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று அதைக் கேட்டுத்தானே நீங்கள் மயங்கினீர்கள், ஜாதகத்தையே அப்புறம்தான் எடுத்தீர்கள். இங்கே மூன்று வருஷமாக ஒரு பிஸ்டல் கிளப்பில் இருக்கிறார். மார்க்கம் என்கிற ஊருக்குப் போகிற வழியில், மில்லிக்கன் கிராமத்தைத் தாண்டி, சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு நீளக் கொட்டகை. சனிக்கிழமை காலை போய், காகித வட்டத்தைச் சுட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஆபீசில் மற்றவர்கள் ஐஸ் ஹாக்கி பேசுகிறார்கள், அதில் இவருக்குப் புரிவது ஒன்றும் இல்லை. அந்தக் கொட்டகையில் மட்டும்தான் இவரை மோகன் என்று கூப்பிட்டுத் தோளில் தட்டுகிறவர்கள் இருந்தார்கள்.

இந்த ஊரில் கைத்துப்பாக்கி வைத்திருக்க ஒரு பதிவுச் சீட்டு வேண்டும். அதைக் காரில் கொண்டுபோக வேறொரு பர்மிட் வேண்டும். வீட்டிலிருந்து கிளப், கிளப்பிலிருந்து வீடு, அவ்வளவுதான் அதில் போட்டிருக்கிறது. சட்டம் கேட்டதற்கு மேலேயே இவர் செய்வார். தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை டிக்கியில் வைத்துப் பூட்டுவார். தோட்டா தனி டப்பாவில், அதுவும் வேறு மூலையில். அம்மா மடியாகச் சமைக்கிற அன்று அடுக்களைப் பக்கம் நம்மை விடமாட்டாளே, அந்த ஆசாரம்தான்.

ஒரு சனிக்கிழமை நானும் குழந்தையும் கூடப் போயிருந்தோம். திரும்பும்போது வீட்டில் பால் இல்லை, கடையில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தவில்லை. பர்மிட்டில் கடை இல்லையாம். கடை வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்து, லிப்டில் பெட்டியை மேலே கொண்டுபோய், அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதே கடைக்குத் திரும்பிப் போய்ப் பால் வாங்கி வந்தார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்படிப்பட்ட மனிதர் மேல்தான் இந்தக் கேஸ்.

போன ஜனவரியில் நடந்ததை உங்களுக்கு எழுதாமல் மறைத்தேன். சப்வே என்கிற பாதாள ரயில் ஸ்டேஷனில் மூன்று தடியன்கள் இவரைப் பாகிஸ்தான்காரன் என்று திட்டி, படியில் தள்ளிவிட்டார்கள். கண்ணாடி உடைந்து புருவத்தில் ஐந்து தையல். போலீஸ்காரர் ஒருவர் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நோட்டோடு சரி. அதற்கப்புறம்தான் காரில் ஆபீஸ் போக ஆரம்பித்தார். நான் அப்போது சொன்னேன், அந்தத் துப்பாக்கியை டாஷ்போர்டிலாவது வைத்துக்கொள்ளுங்கள், சும்மா காட்டினாலே ஓடிவிடுவார்கள் என்று. அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அது விளையாட்டுச் சாமான், மனுஷனுக்கு எதிரே நீட்ட இல்லை, அப்படி நினைக்கிறவளாக இருந்தால் நாளைக்கே விற்றுவிடுகிறேன் என்றார்.

அன்றைக்கு நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. இங்கே லீவு ஏது? சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். தையல் மிஷின், கத்தரிக்கோல், அவர் ஆபீஸ் கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூல், குழந்தை சியாமளாவின் படப்புத்தகம் எல்லாவற்றுக்கும் வீட்டில் பொட்டு வைத்தாயிற்று. பொரிக்குக் காலைப் பலகாரத்துக்கு விற்கிற அரிசிப்பொரி டப்பா, சுண்டலுக்கு டின் கடலை. அப்புறம் காருக்குப் பூஜை செய்யக் கீழே பார்க்கிங்குக்குப் போனோம். கிளப்புக்குக் கிளம்புகிற நேரம் ஆனதால் பெட்டியும் டிக்கியில் இருந்தது. நான் குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுக்க மேலே போனேன். அந்த நேரத்தில் அவர் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, சந்தனம் குங்குமம் இட்டுத் தட்டில் வைத்திருக்கிறார். மூன்றாம் மாடியில் யாரோ பார்த்துப் போன் செய்துவிட்டார்கள்.

நாலு கார் வந்தது, அண்ணா. சப்வேயில் இவர் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆள் வர முக்கால் மணி ஆயிற்று. இவர் கையில் குங்குமம் ஈரமாக ஒட்டியிருந்தது, அதை ரத்தம் என்று நினைத்துவிட்டார்கள். தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். படுத்தார். பூஜைக்காக வேட்டி கட்டியிருந்தார். சியாமளா கையில் பூஜை மணியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாதம் இங்கே எல்லோரும் பூசணிக்காயைக் குடைந்து பேய் முகம் வெட்டி வாசலில் வைக்கிறார்கள், அதைப் பார்த்து யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை.

இப்போது உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை, யாரையும் மிரட்டவில்லை என்று போலீசே ஒப்புக்கொள்கிறது. ஆயுதத்துக்குப் பூஜை செய்வது நம் ஊர் வழக்கம் என்பதற்கு நம்பிக்கையான ஆள் யாராவது எழுதிக் கொடுத்தால் ஜட்ஜு இளக்கமாகப் பார்ப்பார் என்று வக்கீல் சொல்கிறார். உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? திருச்சி ஆயுதப்படையில் ஒவ்வொரு வருஷமும் அத்தனை துப்பாக்கிக்கும் மாலை போட்டுப் பூஜை நடத்துகிறவர் நீங்கள். இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நாலே வரி இங்கிலீஷில் எழுதி, இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி என்று கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து உடனே அனுப்புங்கள்.

தண்டனை என்று ஆகிவிட்டால் பிரஜா உரிமைக்குப் போட்ட மனு நின்றுவிடும். ஆபீசில் அணுமின் நிலைய வேலைக்கு இவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் போய்விடும். ஐந்து வருஷம் இவர் தலை குனிந்து உழைத்தது அந்த நாலு வரியில் இருக்கிறது. அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம். சம்புகேசுவரர் சந்நிதியில் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யுங்கள்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
அகிலா


டொரான்டோ
18-12-1977, ஞாயிறு

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் டிசம்பர் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். இப்போது எல்லாம் முடிந்துவிட்டதால் எழுதுவதற்குப் பயம் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுக் கோர்ட்டுக்குச் சீல் வைத்துக் கொடுப்பது உத்தியோகத்துக்கு ஆபத்து, காலம் சரியில்லை, டி.எஸ்.பி. பிரமோஷன் லிஸ்டில் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி. உங்கள் கஷ்டம் உங்களுக்கு. சீல் வேண்டாம், வெறும் தாளில் தங்கைக்கு அண்ணன் எழுதுகிற மாதிரியாவது நாலு வரி எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாக இரண்டு பக்கம் அவரைத் திட்டி எழுதினீர்கள். படித்தவர் செய்கிற காரியமா, ஆயுதம் வைத்திருக்கிறவனுக்குப் பொறுப்பு வேண்டாமா, என் கீழே ஒரு கான்ஸ்டபிள் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட் என்று எழுதினீர்கள். அதைப் படித்த பிறகுதான், போன கடிதத்தில் நான் எழுதிய பொய்யை இனி வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஸ்வெட்டர் எடுக்க மேலே போனது அவர். கீழே இருந்தது நான். பெட்டியைத் திறந்ததும் நான்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். காருக்குப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிக்கியைத் திறந்து, துப்பாக்கிக்கும் வைத்துவிடுகிறேன் என்றேன். பெட்டிக்கு மேலேயே ஒரு பொட்டு வை, போதும், பூட்டியது பூட்டியபடி இருக்கட்டும் என்றார். சரி என்று வைத்தேன். சியாமளா குளிருகிறது என்று சிணுங்கினாள். அவளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வர நானே போகிறேன், தட்டோடு நீ எங்கே லிப்டில் ஏறி இறங்குவாய் என்று சொல்லிவிட்டு ஓடினார். சாவிக்கொத்து டிக்கிப் பூட்டிலேயே தொங்கியது. அவர் மூன்று வருஷத்தில் சாவியைக் கையைவிட்டு வைத்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் நான் நிற்கிறேன் என்ற நம்பிக்கையில்.

செப்டம்பரில் நீங்கள் எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளையின் துப்பாக்கியை மறந்துவிடாதே, உறைக்கு மேலே பொட்டு வைத்து ஒப்பேற்றாதே, இரும்பின் மேல் சந்தனம் படவேண்டும், இல்லாவிட்டால் பூஜை செய்ததும் ஒன்று செய்யாததும் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்னால் எனக்கு எப்போதுமே சட்டம்தான். பெரிய சாவிகளுக்கு நடுவே பெட்டியின் சின்னச் சாவி எது என்று பார்த்தாலே தெரிந்தது.

உங்கள் மேல் மட்டும் பழி போடவில்லை. என் மனசில் வேறு ஒன்று இருந்தது, அதை அவருக்கும் நான் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்து அவர் வீட்டுக்கு வரும்வரை தினமும் ஜன்னலண்டை நிற்கிறேன். டாஷ்போர்டில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், பூஜையிலாவது அதனிடம் கேட்டுக்கொள்வோம் என்று நினைத்தேன். தட்டை பானெட் மேல் வைத்து, துப்பாக்கிக்கு மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டு நின்றேன். சியாமளாவை மணி அடிக்கச் சொன்னேன். வழியில் இவருக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் என்று அந்த இரும்பிடம் வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் எதிரே நின்றார், தோளில் ஸ்வெட்டர்.

அவர் தட்டருகே வந்தார். பெட்டியில் திரும்ப வைக்கத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் முதல் கார் உள்ளே திரும்பியது. நான் எடுத்திருந்தால் என் கையில் இருந்திருக்கும். தரையில் படுப்பதற்கு முன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“நான்தான் எடுத்தேன். உனக்கு ஒண்ணும் தெரியாது. யார் கேட்டாலும் இதையே சொல்லு.”

போலீசிலும் அப்படியே சொன்னார். வக்கீலிடம் நான் உண்மையைச் சொல்லப் போனேன், வாசலிலேயே தடுத்துவிட்டார். பர்மிட் இல்லாத நீ தொட்டாய் என்றால் உன்மேலும் கேஸ் வரும், சாவியை விட்டது என் தப்பு, பெட்டி என்னுடையது, இதில் உனக்குப் பேச்சே இல்லை என்றார். ஊருக்கு எழுதினாலும் அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு மீறுகிறேன்.

உங்கள் கடிதத்தோடு இந்த வருஷப் பூஜைப் போட்டோவையும் வைத்திருந்தீர்கள். நாற்பது துப்பாக்கி வரிசையாக, ஒவ்வொன்றிலும் பொட்டு, மாலை, முன்னால் நீங்கள் யூனிபாரத்தில் தீபாராதனைத் தட்டோடு. நாலு வரிக்குப் பயந்தவர் இதை எந்த யோசனையில் அனுப்பினீர்கள் என்று தெரியவில்லை. அம்மா பார்த்துச் சந்தோஷப்பட்ட மாதிரி நானும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தீர்கள் போலும். எனக்கு அதைப் பார்த்தவுடன் உயிர் வந்தது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். படம் நன்றாக வந்திருக்கிறது என்றார். அண்ணன் முகம் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் பட்டாலியன் பெயர்ப்பலகை இருக்கிறது, எழுதிக் கொடுக்கவே யோசித்தவர், அவருக்கு நம்மால் ஒரு வம்பு வேண்டாம் என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நீங்கள் சஸ்பெண்ட் செய்ய நினைத்த ஆள் அவர்தான்.

ஆனாலும் பதினாலாம் தேதி அந்தப் போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போனேன். துப்பாக்கியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நூலில் அட்டை கட்டி, மேஜைமேல் வைத்திருந்தார்கள். நான் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. சந்தனம் காய்ந்து பையின் அடியில் பொடியாகக் கிடந்தது. இவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜட்ஜு வயதான மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதற்காக வெளியே எடுத்தாய் என்று கேட்டார். மத வழக்கம் என்று வக்கீல் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதற்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா என்று ஜட்ஜு கேட்டார்.

என் கை பைக்குள் போய்விட்டது, அண்ணா. போட்டோவின் ஓரம் விரலில் பட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். ஒன்றும் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. நான்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும். புருஷன் சொல்லைத் தட்டக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். சியாமளாவை விட்டுவிட்டு என்னைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம். பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது. அபராதம் போட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கியை அழித்துவிட உத்தரவு. பொட்டோடுதான் அழிப்பார்கள்.

பிரஜா உரிமை மனுவை இப்போதைக்கு மறந்துவிடச் சொல்கிறார் வக்கீல். அணுமின் நிலைய வேலையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், இவரைப் பழையபடி சாக்கடைக் குழாய் வரைய உட்கார வைத்திருக்கிறார்கள். கிளப்பிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது, இனி வர வேண்டாம் என்று. மோகன் என்று கூப்பிட்டவர்களில் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. சியாமளா வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மணியை எடுத்துத் துணியில் சுற்றி ஒளித்துவைக்கிறாள். மணி அடித்தால் போலீஸ் வந்து அப்பாவைத் தரையில் படுக்கச் சொல்வார்களாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது அப்படியில்லை என்று எப்படிச் சொல்வது, அன்றைக்கு அப்படித்தானே நடந்தது.

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, ஷேவ் செய்துகொண்டு, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி இருந்த இடத்தில் டிக்கியில் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டிருக்கிறார். நேற்று மூவருமாக வெளியே போய்த் திரும்பும்போது, நான் கேட்காமலேயே அந்தக் கடை வாசலில் காரை நிறுத்தினார். பால் வாங்கணுமா என்று கேட்டார். வீட்டில் பால் இருந்தது. இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். குளிர் கண்ணில் படுகிறதா என்று கேட்டு ஹீட்டரைக் கூட்டிவைத்தார்.

இந்த இரண்டு மாதத்தில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் திறந்தாய் என்று கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் முகம் சுளிக்கிற மனிதர், இப்போது அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிடுகிறார். நான் எதையாவது உடைத்தாலாவது கத்துவாரோ என்று ஒரு கண்ணாடித் தம்ளரை வேண்டுமென்றே கீழே போட்டேன். குனிந்து பொறுக்கிவிட்டு, காலைப் பார்த்து வை என்றார்.

உங்கள் போட்டோவை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியிருக்கும். பிரமோஷன் வந்தால் சந்தோஷம், மனசாரத்தான் சொல்கிறேன். அடுத்த வருஷம் பூஜைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எழுத வேண்டாம். அம்மாவிடம் மாப்பிள்ளை நலம் என்று மட்டும் சொல்லுங்கள்.

போன தடவை நாலு வரி கேட்டேன், கிடைக்கவில்லை. இப்போது கேட்பதற்குச் சீல் வேண்டாம், கையெழுத்துப் போடவும் பயப்பட வேண்டாம். அவருக்கு நேராக ஒரு கடிதம் எழுதுங்கள். அகிலா எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், தப்பு அவளுடையது என்று எனக்குத் தெரியும் என்று எழுதுங்கள். தங்கையைக் கொடுத்தவன் என்ற உரிமையில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அண்ணா. என்னை ஒரே ஒரு தடவை வாய்விட்டுத் திட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
அகிலாண்டேஸ்வரி